பிரக்ஞையிழந்தோரும் மருந்தும்

மூளையின் இரத்தக்குழாய் வெடித்து உதிரம் பெருகுமாயின், நலமாயிருந்த மனிதனும் சிறிது பொழுதிற்குள் நினைவிழந்து வீழ்கின்றான். உயிர் தப்பியோருள் சிலர் வாரங்கள் கழிந்து கண் விழிக்கின்றனர்; ஆயினும், பெயர் சொல்லி விளித்தால் மறுமொழி இல்லை. மூளைத் தண்டினின்று தலாமஸ் வழியே மேற்புறணிக்குச் செல்லும் விழிப்பு நரம்புகள் சிதைதல் இதற்கு ஒரு காரணமாம். அப்பொழுது உற்றார் வைத்தியரை வினவுவது ஒன்றே: "இவரை எழுப்ப மருந்து உண்டா?" அதற்கு விடையிறுப்போர்க்கு உண்மையும் இரக்கமும் ஒருங்கே வேண்டும் என்பது நமது கொள்கை.

உண்டு என்பார் முதலில் எடுத்துக்காட்டுவது அமாண்டடின் ஆகும். இன்புளுயன்சா சுரத்தைத் தடுக்க 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அநுமதி பெற்ற இம்மருந்து, பின்னர்ப் பார்க்கின்சன் நோய்க்கும் பயன்பட்டது. மூளையில் டோபமின் என்னும் பொருளின் செயலை மிகுவிப்பது இதன் இயல்பு. 2012-ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையொன்றில், பிரக்ஞை குன்றிய 184 பேருள் ஒரு சாரார்க்கு அமாண்டடினும் மற்றையோர்க்குப் போலி மருந்தும் நான்கு வாரம் அளிக்கப்பெற்றன. மருந்துண்டோர் விரைந்து தேறினர். நிறுத்தியபின் அவ்விரைவு தணிந்தது. இரு வாரங்கழித்து இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றனர்.

நிற்க. அவர்கள் தலையில் அடிபட்டோரேயன்றி, இரத்தக்குழாய் தானே வெடித்தவர் அல்லர். ஓரிடத்துக் கண்ட பயனை வேறிடத்து அப்படியே ஏற்றியுரைத்தல் நியாயமாகாது. சால்பிடெம் என்னும் தூக்க மருந்து சிலரை விழிப்பித்ததென்ற அதிசயச் செய்தியும் உண்டு. 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் 84 பேருள் நால்வர்க்கே அது பலித்தது.

அங்ஙனமாயின், கைவிடுதல் தகுமோ? தகாது. உணர்வே இல்லையென வைத்தியர் ஒருமித்துக் கூறிய 44 பேரை முறையான அளவுகோல் கொண்டு சோதித்தபொழுது, அவருள் 18 பேரிடம் சிறிது உணர்வு காணப்பட்டதாக 2009-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியொன்று தெரிவிக்கின்றது. ஆதலின், மருந்தினும் முற்பட வேண்டுவது பன்முறை செய்யும் பொறுமையான பரிசோதனையே. அமாண்டடின் வலிப்பைத் தூண்டவுங்கூடும். அதை முயல்வதாயின், காலவரை குறித்து, மாறுதலை அளந்து, பயனில்லையேல் நிறுத்துதலே முறை.

வீடு வாசலை விற்றேனும் மருந்து வாங்கத் துணியும் குடும்பத்தார்க்குப் பொய்ந்நம்பிக்கை அளிப்பது கொடுமை; சோதியாமலே நம்பிக்கையைப் பறிப்பதும் அத்துணைக் கொடுமையே. வைத்தியக் கல்வியை நாடும் நம் மாணவர் இவ்விரண்டிற்கும் அஞ்சுவாராக.