பருத்திப்பால் டம்ளரில் ஓர் அடையாளம்



கே.கே. நகரில் மாலை வேளையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பதை நாம் அனைவரும் அறிவோம். சென்ற மாதம் அன்பியக் கூட்டம் முடிந்து அப்படியொரு வண்டி அருகே நின்றபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கேட்டார்: "ஃபாதர், ஜெல்லிமீனோட மரபணுவைப் பயிர்ல வச்சு ஒளிர வைக்கிறாங்களாமே. அது நம்ம சாப்பாட்டுலயும் வருமா?" அந்த இடத்திலேயே பதில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. வீட்டிற்கு வந்து படித்துப் பார்த்தோம்.

ஒரு பயிருக்குள் புதிய மரபணுவைச் செலுத்தும்போது, ஆயிரக்கணக்கான செல்களில் மிகச் சிலவற்றில்தான் அது போய்ச் சேரும். எதில் சேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கூடவே ஓர் அடையாள மரபணுவையும் அனுப்புகிறார்கள். கானாமைசின் போன்ற மருந்தைத் தாங்கும் மரபணு அதில் ஒரு வகை. மருந்து பட்டவுடன் மற்றச் செல்கள் மடிந்து, மரபணு ஏறியவை மட்டும் பிழைக்கும். நிறம் காட்டும் மரபணு மற்றொரு வகை.

இவற்றுள் புகழ்பெற்றது ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதம். நீல விளக்கொளி பட்டால் பச்சையாக மின்னும்; செடியைக் கொல்லாமலே பார்த்துவிடலாம். ஒசாமு ஷிமோமுரா 1962-இல் இதைப் பிரித்தெடுத்தார். 1992-இல் டக்ளஸ் பிராஷர் அதன் மரபணுவைக் கண்டறிந்து கொடுத்தார். அதை வைத்து மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும் ஆய்வை வளர்த்தனர். 2008-இல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் கிடைத்தது. ஆய்வுக்குப் பணம் கிடைக்காமல் போன பிராஷரோ அப்போது அமெரிக்காவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேன் ஓட்டிக் கொண்டிருந்தார்! சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரை விழாவுக்கு அழைத்துச் சென்றார்கள் என்பதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

சரி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் விவசாயிகள் அரசு அனுமதியுடன் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். அதில் ஜெல்லிமீனின் புரதம் இல்லை. ஆனால் அதன் பங்காளி ஒன்று இருக்கிறது. 2002-இல் பி.டி. பருத்தி வந்தது, 2006-இல் அதன் இரண்டாம் வகையான போல்கார்டு-2 வந்தது. புழுவைத் தடுக்கும் மரபணுக்களுடன், மருந்து தாங்கும் அடையாள மரபணுவும், ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த 'குஸ்' என்னும் நிற மரபணுவும் அதில் உள்ளன. தக்க வேதிப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் காட்டும் அடையாளம் அது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பி.டி. பருத்திதான். பருத்திப்பாலோ அந்த விதையை அரைத்துப் பிழிந்து காய்ச்சுவது.

இதனால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஈ.கோலை நம் குடலிலேயே வாழ்கிறது. இந்த அடையாளப் புரதத்தால் மனிதருக்குத் தீங்கு என்று நிறுவப்படவும் இல்லை. நம் கேள்வி வேறு. ஆய்வாளருக்கு அடையாளம் கிடைத்தது. விவசாயிக்கும் விதைப் பொட்டலத்தின் மேல் பெயர் அச்சிட்டுக் கிடைக்கிறது. ஜின்னிங் மில்லைத் தாண்டியதும் அந்த அடையாளம் எங்கே போயிற்று? பொட்டல உணவில் மரபணு மாற்றுப் பொருள் இருந்தால் அட்டையில் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. டம்ளருக்கு ஏது அட்டை? வண்டிக்காரரிடமே கேட்டோம். "கடையில குடுக்குற விதையை வாங்கி அரைக்கிறேன் சாமி, அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். அவரைக் குறை சொல்ல இயலாது.

பி.டி. கத்தரிக்காய் வந்தபோது அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். பருத்திக்கு அப்படியொரு சுற்று நடக்கவில்லை. துணிக்கான பயிர்தானே என்று விட்டுவிட்டார்கள் போலும்!

அடையாள மரபணுவை வேலை முடிந்ததும் நீக்கவும் முடியும். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. வேலுத்தம்பியின் குழுவினர், இலையுறை கருகல் நோயைத் தாங்கும் நெல்லை, அடையாள மரபணு அடுத்த தலைமுறையில் பிரிந்து போகும்படி உருவாக்கி 2008-இல் வெளியிட்டார்கள். நாகமலையில் நடந்த இந்த வேலை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் இந்தத் தொழில்நுட்பத்தை ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கவில்லை. பாதிக்கப்படக்கூடிய அனைவருக்கும் முழுத் தகவல் கிடைத்து, அவர்களும் விவாதத்தில் பங்குபெற வேண்டும் என்றே கேட்டார். 2024 ஜூலையில் மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினாலும், தேசியக் கொள்கை ஒன்று தேவை என்பதில் ஒன்றுபட்டார்கள். அதில் டம்ளரில் குடிப்பவரின் பேச்சும் ஏற வேண்டும் என்பது நம் எண்ணம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைத் தொடர்ந்து பேசுவோம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பருத்தி போடும் உறவினர் இருந்தால், அவர்கள் வாங்கிய விதைப் பொட்டலத்தின் அட்டையைக் கேட்டு வாங்கி வாருங்கள்.