முதலில் நேர அட்டவணை, பிறகு தண்டவாளம்



சுவிஸ் ரயில் வீடியோக்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். "அவங்கட்ட காசு இருக்கு, செய்றாங்க" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். அது பாதிக் கதைதான்.

சுவிட்சர்லாந்துக்குக் கடல் இல்லை. பாசல் நகரிலிருந்து ரைன் நதி வழியாகத்தான் அவர்களது கப்பல் கடலுக்குப் போகிறது. தெற்கே அல்ப்ஸ் மலை. 1882இல் திறந்த 15 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கத்தைத் தோண்டும்போது ஏறக்குறைய 200 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதிகமானோர் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். 1875இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது சூடு நடத்தியதில் நால்வர் இறந்தார்கள். ஆக, எல்லாம் அழகாக நடந்த கதையும் அல்ல.

நாம் கவனிக்க வேண்டியது 1982க்குப் பிந்திய காலத்தை. அந்த ஆண்டு நாடு முழுவதும் மணிக்கு ஒரு ரயில் என்ற ஒழுங்கு வந்தது. அடுத்து, பெரிய நிலையங்களுக்கு ரயில்கள் மணி அடிக்கச் சற்று முன் வந்து, சற்றுப் பின் புறப்பட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் ஆட்கள் வண்டி மாறலாம். வெளியே கிராமத்துக்குப் போகும் மஞ்சள் நிறத் தபால் பஸ் நிற்கும்.

இது சரிவர, பேர்ன் - சூரிச் பயணம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். முடியவில்லை. அதற்காகவே 45 கிலோமீற்றர் புதிய பாதை போட்டு 2004இல் திறந்தார்கள். பயணம் 56 நிமிடமானது. உலகத்திலேயே வேகமான ரயில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அடுத்த வண்டியைப் பிடிக்கப் போதுமான வேகமே தேவைப்பட்டது.

மக்களிடம் கேட்டும் செய்தார்கள். இந்தத் திட்டத்துக்கு 1987இலும், மலையைக் குடையும் புதிய சுரங்கங்களுக்கு 1992இலும் வாக்கெடுப்பு நடந்தது. 2001 முதல் பார லொறிகளிடம் தூரம், எடை, புகை பார்த்துக் கட்டணம் எடுக்கிறார்கள். அதில் பெரும் பங்கு ரயில் வேலைகளுக்குப் போனது. 57 கிலோமீற்றர் நீளமான புதிய கொத்தார்ட் சுரங்கம் 2016இல் திறந்தது.

குறைகளும் உண்டு. டிக்கட் விலை அதிகம். 2023 ஓகஸ்டில் அந்தச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம் புரண்டது. முழுமையாகத் திருத்தித் திறக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

ஆனாலும் நமது கருத்து இதுதான். காசு சுரங்கம் தோண்டும். பஸ்ஸையும் ரயிலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பது காசல்ல, முன்கூட்டிய யோசனை. ஆகவே யாராவது புதிய பாதையின் படத்தைக் காட்டினால், எத்தனை கோடி என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்போம்: இறங்குகிறவருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?