குழாயை யார் பிடிப்பது?

அமெரிக்கா போய்விட்டு வந்தவன் நயாகரா பார்த்தேன், சுதந்திர தேவி சிலை பார்த்தேன் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு எழுதத் தோன்றுவது வேற. ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வீட்டு வண்டி வைத்திருக்கிற அளவுக்கு வசதியானவர். தன் வண்டியில் சேர்ந்த பீயைத் தானே குழாய் மாட்டி வடிகாலில் இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். பக்கத்தில் அவர் மனைவி நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேர் முகத்திலும் அருவருப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. இதைப் பார்த்துக் கண் கலங்கியவன் அந்த மலையில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

எங்க அம்மா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. எடுப்புக் கக்கூஸ் காலம். விடியறதுக்கு முன்னால சந்து வழியாப் போயி, பின்பக்கக் கதவைத் திறந்து, தகரத்தால வழிச்சு வாளியில போட்டு, சாம்பலைத் தூவி, வண்டி நிக்கிற இடம் வரைக்கும் சுமப்பாங்க. மழைக்காலத்துல ஒழுகும். வீட்டுக்கு வந்து எத்தனை தரம் குளிச்சாலும் சோத்துல கை வைக்கத் தயங்குவாங்க. எனக்குச் சோறு ஊட்டினது எங்க அக்காதான். அந்தக் கையோட மகன் நான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அண்ணன் மகன் வாஷிங்டன் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். 2022 அக்டோபரில் என்னைக் கூப்பிட்டு வைத்திருந்தபோது, “சித்தப்பா, நாலு நாளு மலைக்குப் போவோம். ஆர்.வி. எடுத்திருக்கோம்” என்றான். ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. வாடகைக்குத் தருகிறார்கள். எங்களுடையது இருபத்தைந்து அடி நீளம். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளிக்கிற இடம், கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. அவன், அவன் பொண்டாட்டி, நான், அவனோடு வேலை பார்க்கிற தமிழ்ப் பையன், அவன் மனைவி, இன்னொரு கல்யாணமாகாத பையன். மொத்தம் ஆறு பேர்.

வண்டி ஏறுவதற்கு முந்தின ராத்திரி அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “சித்தப்பா, அவங்களுக்கு நாம யாருன்னு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.”

முப்பது வருசமா மேடை மேடையாக் கத்தினவனுக்கு வாய்ப்பூட்டு. சரி என்றேன். அவன் பிழைக்கிற இடம் அது. எனக்குத் திரும்பி வர விமான டிக்கெட் இருக்கு. அவன் அங்கேதான் இருந்தாகணும்.

போன இடம் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத் தொடரில் உள்ள ஷெனந்தோவா தேசியப் பூங்கா. மலை முகட்டின் மேலேயே 105 மைலுக்கு ஒரே சாலை. மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. வழியில் பாறையைக் குடைந்த சுரங்கம் ஒன்று, உயரம் 12 அடி 8 அங்குலம். எங்கள் வண்டி அதற்குக் குறைவுதான், ஆனாலும் உள்ளே நுழைந்தபோது ஆறு பேரும் தலையைக் குனிந்தோம். இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. அழகா? அழகுதான். தலித்துக்கு அழகு பார்க்கக் கண் இல்லை என்று எவனும் நினைக்க வேண்டாம்.

முதல் ரெண்டு ராத்திரி பிக் மெடோஸ் என்ற முகாமில். கரடி வரும் என்று சாப்பாட்டுச் சாமான் எதையும் வெளியே விடக்கூடாது. அங்கே வண்டிக்கு மின்சாரமோ தண்ணீரோ சாக்கடையோ இணைப்புக் கிடையாது. கொண்டுபோன தண்ணீர்தான், நிரப்பிய தொட்டிதான். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற தொட்டிக்குச் சாம்பல் தொட்டி என்று பெயர். பீ போகிற தொட்டிக்குக் கறுப்புத் தொட்டி என்று பெயர். அங்கேயும் அழுக்குக்குக் கறுப்பு என்றே பேர் வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். இந்த ரெண்டும் வண்டியின் தரைக்குக் கீழே. ஆறு பேரும் அதற்கு மேலேதான் படுத்தோம், அதற்கு மேலேதான் இட்லி தின்றோம். தீட்டு என்று ஒன்று நிஜமாகவே இருந்தால் அந்த வண்டியில் எவனும் சோறு தின்றிருக்க முடியாது.

பக்கத்தில் டார்க் ஹாலோ அருவி. 70 அடி. இறங்குவது சுலபம், ஏறும்போது மூச்சு முட்டும். கறுப்பர் குடும்பம் ஒன்று, வெள்ளையர் குடும்பங்கள் சில, நாங்கள். சாரல் எல்லார் மேலேயும் ஒரே மாதிரிதான் தெறித்தது. அங்கே வைத்துத்தான் அந்தத் தமிழ்ப் பையன் ஆரம்பித்தான். “சார், சொந்த ஊர் எது?” சொன்னேன். “ஊருக்குள்ளயா சார்?” ஆமாம். “எந்தப் பக்கம், கோயில் பக்கமா?” ஆத்துப் பக்கம் என்றேன். இது எந்தப் பரீட்சை என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தும் கேள்வித்தாள் மாறவில்லை.

மூணாம் நாள் காலையில் முகாமை விட்டுக் கிளம்பும்போது தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, வண்டிகள் வரிசையில் நிற்கும். எங்களுக்கு முன்னால் நின்றவர்தான் நான் முதலில் சொன்ன கிழவர். வேலை ரொம்பச் சின்னது. கையுறை மாட்டு. மூணு அங்குலக் குழாயின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் தரையிலுள்ள வடிகாலிலும் பொருத்து. முதலில் கறுப்புத் தொட்டி வால்வைத் திற. பிறகு சாம்பல் தொட்டியைத் திற, அந்தத் தண்ணீரே குழாயை அலசிவிடும். பத்து நிமிசம். யாரும் எதையும் அள்ள வேண்டாம், சுமக்க வேண்டாம், குழிக்குள் இறங்க வேண்டாம். பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற குணம் தண்ணீருக்கு உண்டு, அதுவே வேலையைச் செய்துவிடுகிறது.

எங்கள் முறை வந்தது. அண்ணன் மகன் கையுறையை எடுத்தான். மற்றவர்கள் காபி வாங்கப் போய்விட்டார்கள். ‘ஏதோ ஒருத்தன் செய்யணும், செய்யறான்’ என்று நானும் பேசாமல் இருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு லூயிஸ் மலை என்ற இடத்தில் நிறுத்தினோம். சின்ன முகாம், மர நிழல், அமைதி. அந்த இடத்தின் கதையை நான் முதலிலேயே படித்து வைத்திருந்தேன். 1939-40இல் இதைத் திறந்தபோது வாசலில் ‘நீக்ரோ பகுதி’ என்று பலகை வைத்திருந்தார்கள். காபிக் கடை, தங்கும் குடில், முகாம், சாப்பிடுகிற இடம், எல்லாம் கறுப்பர்களுக்குத் தனியாக. பூங்கா மத்திய அரசுடையது. பிரிவினை வர்ஜீனியாவின் வழக்கம். அரசு வழக்கத்துக்குப் பணிந்தது. இரட்டைக் குவளை நம்ம டீக்கடையில் மட்டும் இருந்ததில்லை. அமைச்சர் ஹெரால்ட் இக்கிஸுக்கு ஆலோசகராக இருந்த வில்லியம் டிரெண்ட் என்ற கறுப்பர் விடாமல் இதை எதிர்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1950இல்தான் பிரிவினை முழுசாகப் போனது. அதற்கும் முன்னால், பூங்கா அமைப்பதற்காகச் சுமார் ஐந்நூறு மலைவாழ் குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏழை வெள்ளையர்கள். காடு தானாக வெறுமையாக இருக்கவில்லை. பிக் மெடோஸில் இருக்கிற பார்வையாளர் மையத்துக்கு ஹாரி பேர்டு என்ற செனட்டர் பெயரைச் சூட்டினார்கள். இந்தப் பூங்கா வருவதற்குப் பாடுபட்டவர் அவர். 1956இல் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று பெரும் எதிர்ப்புக்கு அறைகூவல் விட்டவரும் அவரேதான்.

இதை நான் சொன்னதும் ஊரைக் கேட்ட அதே பையன் கொதித்துப்போனான். “எவ்வளவு அநியாயம் பாருங்க சார்! தோல் நிறத்தை வச்சா மனுசனைப் பிரிப்பாங்க?” நான் ஆமாம் தம்பி என்றேன். அண்ணன் மகன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி ராத்திரி லாஃப்ட் மலை முகாமில். காலையில் மறுபடியும் தொட்டி. மறுபடியும் அவன்தான் கையுறையை எடுத்தான். இந்தத் தடவை அந்தப் பையன் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: “நீயே பண்ணுப்பா. உனக்குத்தான் இது கைவந்த கலையா இருக்கே!”

தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அண்ணன் மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கைவந்த கலைதான் தம்பி” என்றேன். “இவன் பாட்டி, எங்க அம்மா, இருபத்தெட்டு வருசம் ஊர்ப் பீ அள்ளினவங்க. அவங்க கையில உறை கிடையாது. குழாயும் கிடையாது. நீங்க கேட்டீங்களே ஆத்துப் பக்கம், அந்தப் பக்கத்தோட பேரு தோட்டித் தெரு.”

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் மனைவி வந்து, “குடுங்கண்ணா” என்று கையுறையை வாங்கிக்கொண்டார். அவனும் வந்து குழாயைப் பிடித்தான். அவசரத்தில் சாம்பல் வால்வை முதலில் திறக்கப்போனான். “கறுப்பு முதல்ல” என்று அண்ணன் மகன்தான் சொல்லிக்கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டார்கள், பேச வேண்டியதில்லை அல்லவா. வீட்டுக்கு வந்ததும் இவன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்: “இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்க சித்தப்பா.”

நான் செய்தது சரியா? அவன் சம்மதம் இல்லாமல் அவன் ரகசியத்தை உடைத்தேன். அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் சிரித்த சிரிப்பு, எங்க அம்மா வீட்டுக்காரங்க கொடுத்த பழைய சோத்தை வாங்கிக்கிட்டுச் சிரிச்ச அதே சிரிப்பு. அது மூணாவது தலைமுறைக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அங்கேயும் ஓட்டல் கழிவறையைக் கழுவுகிறவர்களில் கறுப்பு முகங்களையும் மெக்சிகோ முகங்களையுமே நான் அதிகம் பார்த்தேன். வீட்டு வண்டி வாடகைக்கு எடுப்பதும் ஏழைக்கு எட்டுகிற காரியம் இல்லை. சாதியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது; அதே வருசம் அக்டோபரில் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ஒப்பாமல் திருப்பி அனுப்பினார். என் பேச்சு அந்தக் குழாயைப் பற்றி மட்டும்தான். மலம் அகற்றுவது அசிங்கமான வேலை இல்லை. பத்து நிமிச வேலை. அதை இன்னொருத்தன் தலையில், அவன் பிறப்பைக் காட்டிச் சுமத்துவதுதான் அசிங்கம்.

நமக்குச் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடையில் செத்தவனுக்குப் பத்து லட்சம் கொடு என்றது. 2023இல் முப்பது லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. துப்புரவுத் தொழிலாளிக்குக் காலைக் கழுவிச் சால்வை போடுவதை நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக் குழி நிரம்பினால் இயந்திர வண்டி வருமா என்று கேளுங்கள். மூடியைத் திறந்து இறங்குகிறேன் என்று ஒருத்தன் வந்து நின்றால் கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். வண்டிக்காரன் குழாய் போடும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போகாதீர்கள். பக்கத்தில் வந்து நில்லுங்கள். அது உங்களுடையது.

அண்ணன் மகன் சொன்னது பலித்துவிட்டது. மறு வருசம் அவர்கள் அவனைக் கூப்பிடவில்லை. அவனும் பொண்டாட்டியும் மட்டும் சின்ன வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அதே மலைக்குப் போனார்கள். போனில் சொன்னான்: “லூயிஸ் மலையிலதான் தங்கினோம் சித்தப்பா. குழாயை ஒரு முனை நான் பிடிச்சேன், ஒரு முனை அவ பிடிச்சா.”