மின்னிணைப்பு மூடியும் ஆக்கவுரிமையும்: ஒரு மறுப்பு

“ஒரு மூடியில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது?” என்ற ஏளனக் குரல் பல்கலைக்கழக வட்டாரங்களில் கேட்பதுண்டு. நீராவி யந்திரமும் வானொலியும் கண்டுபிடிப்புகள். மழைநீர் புகாமல் மின்னிணைப்பியை மூடிவைக்கும் இறப்பர் உறையோ வெறும் கைவேலை என்பது அவர்தம் கருத்து. இதற்கு நேரெதிராக இன்னொரு கூட்டமும் உண்டு. கிராமத்திலும் தோட்டத்திலும் எவர் எதைச் செய்தாலும் அதற்கு உடனே ஆக்கவுரிமை, அதாவது பேச்சுவழக்கிலுள்ள பேற்றன்ற், பெற்றாக வேண்டும் என்று முழங்குவோர் இவர். இரு சாராரும் ஒரே தவறையே இருவேறு திசையிலிருந்து செய்கின்றனர். பொருளின் உருவைப் பார்க்கின்றனரேயன்றி அப்பொருளுக்கு முன்னர் உலகில் என்ன இருந்தது என்பதை இருவருமே வினவுவதில்லை. மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவ்வினாவை முறையாக எழுப்பி, பிழையான இடத்தில் விடை தேடுபவர். அவரே இம்மூவரிலும் ஆபத்தானவர்.

இவ்விவாதத்தை நடத்தப் பொல்பிட்டியவை விடப் பொருத்தமான இடம் அரிது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தை அண்டிய ஊர் அது. லக்சபான நீர்மின் தொகுதியைச் சேர்ந்த 75 மெகாவாற் நிலையம் அங்கு 1969இல் இயங்கத் தொடங்கியது. மலைநீர் அங்கே மின்சாரமாகிக் கொழும்புக்குச் சென்றது. அந்நீர் ஊறும் மலைகளில் கொழுந்து பறித்தோரின் லயன் அறைகளிலோ நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. பின்னர் மின்சாரம் வந்தபோது அதனுடன் மழையும் வந்து சேர்ந்தது. தென்மேல் பருவக்காற்று முதலில் மோதும் சரிவு அது. அயலிலுள்ள வட்டவளைப் பகுதி ஆண்டொன்றில் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காண்பது.

அத்தகைய மழையில் ஒரு மின்னிணைப்பி எவ்வாறு கெடுகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். நீர் மேலிருந்து கொட்டி உள்ளே புகுவதை எவரும் அறிவர். ஆனால் பெரும்பாலான கேடு அவ்வழியால் வருவதில்லை. மின்னோட்டம் செல்லும்போது இணைப்பி சூடேறுகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து இடுக்குகளூடாக வெளியேறுகிறது. ஓட்டம் நின்று குளிரும்போது உள்ளே அமுக்கம் குறைய, வெளியிலிருக்கும் பனிமூட்டத்தின் ஈரக்காற்று உறிஞ்சப்படுகிறது. இவ்வாறு இணைப்பி மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் சிறிது ஈரம் உள்ளே தங்க, செம்பில் பச்சைக் களிம்பு படர்கிறது. களிம்பினால் தடை கூடுகிறது. தடையினால் வெப்பம் கூடுகிறது. வெப்பத்தினால் மூச்சு மேலும் பெரிதாகிறது. இறுக மூட மூட உள்ளே வியர்க்கும் என்பதே இதிலுள்ள விந்தை.

இனி, கற்பனையாக ஒரு மூடியைக் கொள்க. மணி வடிவமானது, சிலிக்கோன் இறப்பரால் ஆனது, கம்பி நுழையும் மேல்வாயின் உட்புறத்தில் இரு வரம்புகள் கம்பியை இறுகப் பற்றுகின்றன, கீழ்வாய் திறந்தே விடப்பட்டுள்ளது. இதனைச் செய்தவர் ஆக்கவுரிமை கோருகிறார். வழங்கலாமா?

சிறியது என்பதால் மறுப்போர்க்கு விடை எளிது. நீல்ஸ் கிறிஸ்ரென்சன் என்னும் டென்மார்க்கில் பிறந்த அமெரிக்கர், எழுபது வயதைக் கடந்த நிலையில், 1937இல் ஓர் இறப்பர் வளையத்துக்கும் அது அமரும் பள்ளத்துக்கும் ஆக்கவுரிமை கோரி 1939இல் பெற்றார். இன்று ‘ஓ’ வளையம் எனப்படுவது அதுவே. இறப்பர் வளையம் அதற்கு முன்னரும் இருந்தது. வளையத்தின் தடிப்பைவிடச் சற்று நீண்ட பள்ளத்தில் அதனை அமர்த்தினால் அசையும் தண்டைச் சுற்றியும் அது கசியாது நெடுங்காலம் உழைக்கும் என்பதே அவர் கண்டது. விமானச் சக்கரங்களின் தடுப்பு முறைகளில் அது புகுந்தது; உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு அதனைத் தயாரிப்பாளர் அனைவருக்கும் திறந்துவிட்டது. ஒரு விரலில் மாட்டக்கூடிய பொருள் அது. பருமனைக் கொண்டு அறிவை அளப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பயன்படுகிறது, விற்பனையாகிறது, ஆகவே கண்டுபிடிப்பே என்போரை மறுப்பதற்கு நீதிமன்றங்களே போதும். 1966ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு ஏறத்தாழ இந்த மூடியைப் பற்றியதே எனலாம். பூச்சிகொல்லிப் போத்தலின் மேல் பொருத்தும் தெளிகருவி. அது கொண்டுசெல்லும் வழியில் கசியாதிருக்க ஒரு மேல்மூடி. மூடியின் உள்ளே இறுகப் பொருந்தும் ஒரு வரம்பு. வணிகத்தில் பெருவெற்றி, பலர் முயன்று முடியாதது என்ற வாதம் வேறு. எனினும் நீதிமன்றம் அவ்வுரிமையைச் செல்லாது என்றது. திரவம் ஊற்றும் குழாய்வாய்களின் மூடிகளில் அவ்வகை அடைப்பு முன்னரே இருந்தது என்பது காரணம். ஊற்றும் வாய் வேறு, தெளிகருவி வேறு என்று வாதிட்டவர்க்குக் கிடைத்த விடை, பிரச்சினை இரண்டிலும் ஒன்றே, அதாவது மூடுதல், என்பதாகும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1978 டிசம்பரில், பாத்திரங்களைக் கடைசல் பொறியில் பற்றிவைக்கும் ஓர் அமைப்பைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்று உரிமையை நீக்கியது. அதற்கும் நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது 1851இன் கதவுக்குமிழ் வழக்கு: உலோகக் குமிழைக் களிமண்ணால் செய்தால் அது மலிவாகலாம், அழகாகலாம்; கண்டுபிடிப்பாகாது. இறப்பரின் இடத்தில் சிலிக்கோனை வைத்தோர் இதனை மறத்தலாகாது. ஐ.பி. 67 என்னும் தரமுத்திரையும் இங்கு உதவாது. ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கியது என்று அது சொல்லும். புதியது என்று சொல்லாது.

இலங்கையில் இவ்விடயத்தை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். புதுமை, புத்தாக்கப் படி, கைத்தொழிற் பயன்பாடு என மூன்றை அது வேண்டுகிறது. அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுடைய ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததே புத்தாக்கப் படி. இம்மூன்றும் பொருளைக் கையிலெடுத்து ஆராயப்படுவன அல்ல. உரிமைக் கோரிக்கை எனப்படும் வாக்கியத்தை வைத்தே ஆராயப்படுவன. கலைப்பீடத்தார் இவ்விடத்தில் ஒதுங்கி நிற்க நியாயமில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களின் முதலிரண்டான குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் இவ்வாக்கியத்தின் உயிரையே தீர்மானிக்கின்றன. “மின்னிணைப்பியை மூடும் இறப்பர் உறை” என்று மிகைபடக் கூறினால், முன்னிருந்த ஆயிரம் உறைகள் அதனை வீழ்த்தும். “இரண்டு மில்லிமீற்றர் உயர வரம்பிரண்டு உடையது” என்று குன்றக் கூறினால், அயலான் மூன்று மில்லிமீற்றர் வரம்பு வைத்துத் தப்பிவிடுவான். உரைகாரர் மரபில் பயின்றோர் பொறியியலாளரைவிட இதனை நன்கு அறிவர். அறிந்தும் அவர்கள் இதனைத் தொடுவதில்லை என்பது வேறு கதை.

கற்பனை மூடிக்கு இவற்றைப் பொருத்தினால், சிலிக்கோன் என்பது பொருள்மாற்றம். வரம்புகள் 1966இலேயே பழையன. எஞ்சுவது கீழ்வாயைத் திறந்துவிட்ட துணிவு ஒன்றே. அடைப்பதே நோக்கமான துறையில் அடைக்காமல் விடுதல் பொதுக் கருத்துக்கு மாறானது. ஆகவே அங்கே ஒரு புத்தாக்கப் படி இருக்கலாம் என்று கோரிக்கையாளர் வாதிடுவார். அவ்வாதம் வலிமையுடையதே. அவ்வாதத்துக்கு முன் நிற்கும்போதுதான் மேற்கூறிய மூன்றாமவரின் பிழை வெளிப்படுகிறது.

மூன்றாமவர் தேடல் அறிக்கையை நம்புபவர். ஏற்கனவே வழங்கப்பட்ட ஆக்கவுரிமைகளையும் சஞ்சிகைகளையும் தேடி, அங்கு இல்லையெனில் உலகிலேயே இல்லையென்று அவர் முடிவு செய்கிறார். சட்டமோ அவ்வாறு கூறவில்லை. எழுத்து வெளியீட்டாலோ, வாய்மொழியாலோ, பயன்பாட்டாலோ, வேறெவ்வழியாலோ உலகின் எவ்விடத்திலேனும் பொதுமக்களுக்கு வெளிப்பட்ட அனைத்தும் முன்னறிவு என்பதே சட்டத்தின் கூற்று. எழுத்தையும் பயன்பாட்டையும் அது சமமாக வைத்தது. அவற்றைச் சமமற்றவையாக்கியது நடைமுறை. தேடுவோர் கடதாசியில் தேடுகின்றனர். லயன் அறையின் கூரையோரத்தில் தேடுவதில்லை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. மஞ்சளைப் புண்ணுக்கு இடும் வழக்கத்துக்கு 1995இல் அமெரிக்காவில் ஓர் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மஞ்சளரைத்துப் பூசாத பாட்டி இத்துணைக்கண்டத்தில் எவளுமில்லை. ஆயினும் அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தில் பிறநாட்டுப் பயன்பாடு கணக்கில் வராது, அச்சிட்டதே வரும். இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் 1953இன் மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரை ஒன்றையும் முன்வைத்த பின்னரே 1997இல் அவ்வுரிமை நீங்கியது. மஞ்சளுக்கு நூல்கள் இருந்தன. ஒரு தேசிய நிறுவனமும் இருந்தது. தோட்டத்து மின்கம்பிக்கு எது இருக்கிறது?

பயன்பாடே வென்ற வழக்கும் உண்டு. இங்கிலாந்தின் ஹேய்லிங் தீவில் 1958இல் பீற்றர் சில்வர்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒரு பலகையில் பாய்மரம் கட்டிக் கோடை வார இறுதிகளில் கடலில் விளையாடினான். பத்தாண்டின் பின் அத்தகைய பாய்ப்பலகைக்கு உரிமை கோரியோரின் ஆக்கவுரிமையை 1980களில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதாக்கியபோது, அச்சிறுவனின் விளையாட்டும் முன்னறிவாக ஏற்கப்பட்டது. 1965இல் ஒரு சஞ்சிகையில் வெளியான கட்டுரையும் அங்கு துணைநின்றது. சிறுவனின் கைவேலையையும் சட்டம் மதிக்கும் என்பது இதனாற் பெறப்படும். ஆனால் அவனைக் கண்டவர்கள் நீதிமன்றம் வந்து சொன்னார்கள். வழக்காடும் பணம் எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் இருந்தது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் சட்டத்தின் நல்லெண்ணம் ஏட்டுச் சுரைக்காயே.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வீட்டில் சைக்கிள் ரியூப் சுற்றிக்கொள்பவனை எந்த ஆக்கவுரிமையாளன் வழக்கில் இழுப்பான் என்பதே அது. உண்மை; வணிகத்துக்கல்லாத வீட்டுப் பயன்பாட்டில் சட்டம் கைவைப்பதில்லை. கைவைப்பது அடுத்த படியில். அதே தோட்டத்து இளைஞன் ஒருவன், தகப்பன் செய்ததை அச்சில் வார்த்து ஹற்றன் கடையொன்றில் விற்கத் தொடங்கும் நாளில் அவனுக்கு அறிவித்தல் வரும். உரிமையை வறிதாக்கக் கோரி அவன் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். தகப்பன் செய்தது எந்த ஆண்டில், எவ்வடிவில், எவர் பார்க்க என்று நிறுவ வேண்டும். விண்ணப்பிக்கும் வேளையில் தேடாமல் விட்டவரின் பாரம் முழுவதும், தேடப்படாமல் விடப்பட்டவனின் தோளில் இறங்குகிறது. கூலியுழைப்பைச் சுரண்டியதற்கு மலையகத்தில் கணக்குப் பார்த்தோர் உளர். கையறிவை இவ்வாறு இழப்பதற்குக் கணக்குப் பார்த்தோர் அரியர்.

தோட்டத்தார் செய்ததெல்லாம் கண்டுபிடிப்பே என்று கொண்டாடுவதும் இதற்கு மருந்தாகாது. ரியூப் சுற்றிய இணைப்பு, வரம்புடைய சிலிக்கோன் மணியை முற்றாக முந்திவிடாது. கோரிக்கையின் வாக்கியம் எதைப் பிடிக்கிறதோ அதனையே முன்னறிவு வீழ்த்தும். எவர் எதனை முன்னரே செய்திருந்தார் என்ற குறிப்பான விவரம் இதற்கு வேண்டும். அவ்விவரத்தை உரிய நாளுடன் அச்சேற்றுவதே தேவை. அதற்கு அரசாணை தேவையில்லை. களப்பயிற்சிக்குச் செல்லும் பொறியியற்பீட மாணவரின் குறிப்பேடும், அவர் குறிப்பைப் பிழையறத் தமிழில் எழுதத்தக்க கலைப்பீட மாணவர் ஒருவரும், இத்தகைய சங்க இதழொன்றின் இரண்டு பக்கங்களும் போதும். அச்சேறிய நாள் முதல் அது எழுத்து வெளியீடு. தேடல் அறிக்கைக்காரரும் அதனை இல்லையென்று சொல்லவியலாது.

ஆகவே இதழ் வெளியாகும் நாளே சான்றாக, மலைத் தோட்டங்களில் காணக்கூடிய ஒரு முறை இங்கு விவரிக்கப்படுகிறது. பாதுகாப்பானது என்று எவரும் இதற்குச் சான்று தரவில்லை. சைக்கிள் ரியூப்பின் இறப்பர் காற்றை உள்ளே அடக்கவல்லது, ஆகவே நீரையும் வெளியே தடுக்கவல்லது. ஆனால் அதில் கலந்துள்ள கரித்தூள் காரணமாக அதனை நம்பத்தக்க மின்காப்பு எனக் கொள்ளவியலாது. அறியப்பட்டதா என்பது மட்டுமே இங்கு வினா. வீட்டின் வெளிப்புறத்தில், செங்குத்தாகத் தொங்கும் இடத்தில், இரு கம்பிகளும் முறுக்கி இணைக்கப்படுகின்றன. பழைய ரியூப்பிலிருந்து நீளவாக்கில் ஒரு விரல் அகலமான பட்டி வெட்டப்படுகிறது. இணைப்பின் கீழ்முனையில் தொடங்கி, பட்டியை நன்றாக இழுத்து நீட்டியபடி, ஒவ்வொரு சுற்றும் கீழுள்ள சுற்றின் பாதியை மூடுமாறு, கூரையோடு வேய்வது போல மேல்நோக்கிச் சுற்றப்படுகிறது. நுனி கடைசிச் சுற்றின் அடியில் செருகப்படுகிறது. பின்னர் ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடி வெட்டி நீக்கப்பட்டு, அதன் கழுத்தினூடாக மேற்கம்பி செலுத்தப்பட்டு, கழுத்து இன்னொரு ரியூப் பட்டியால் கம்பியுடன் இறுகக் கட்டப்படுகிறது. கீழ்க்கம்பி நேரே சுவருக்குள் செல்லாது, முதலில் தாழ்ந்து வளைந்து பின் மேலேறிச் செல்கிறது. வழிந்துவரும் நீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும். மணிபோல் கவிழ்ந்த போத்தலின் அகன்ற வாய் கீழ்நோக்கித் திறந்தே இருக்கும், அது அடைக்கப்படுவதில்லை.