பூட்டுக்கு எதற்கு அப்டேட்?

பேரக்குழந்தையைப் பார்ப்பதற்காக மதுரையிலிருந்து சிட்னிக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி, மாலையில் பக்கத்துப் பூங்காவரை நடந்துவிட்டுத் திரும்பியபோது இணையத்தோடு இணைந்த வாசற்பூட்டு திறக்க மறுத்துவிட, வென்ட்வொர்த்வில்லில் உள்ள மகன் வீட்டு வாசற்படியில், ஜூலை மாதக் குளிரில், நன்றாக இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டபோது என் மனம் கொதித்தது. அதைவிட அதிகமாகக் கொதித்தது, அந்த மகனும் அவருடைய நண்பர்களும் சொன்ன சமாதானத்தைக் கேட்டபோதுதான். “பூட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஃபர்ம்வேர், அதாவது பூட்டுக்குள் ஓடும் மென்பொருள், அப்டேட் ஆகும்போது பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு தடவை அப்டேட் செய்தால் சரியாகிவிடும்” என்றார்கள். பெற்ற தாயைத் தெருவில் உட்கார வைத்த பொருளைக் கெட்டுப்போகவில்லை என்று சொல்லும் அளவுக்கு நம்மவர்களுடைய புத்தியை ஒரு நம்பிக்கை ஆட்கொண்டிருக்குமானால், அதைக் கண்டிக்காமல் இருப்பது பாவம்.

இந்த நம்பிக்கை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. டூங்காபியிலும் ஹோம்புஷ்ஷிலும், மெல்பர்னில் டாண்டினாங்கிலும் கிளென் வேவர்லியிலும், படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள், மற்ற விஷயங்களில் நிதானமாக யோசிப்பவர்கள் எல்லோரும் இதையே வேதவாக்காக ஓதுகிறார்கள். எந்தக் கருவிக்கும் அப்டேட் நன்மையே செய்யும். அப்டேட்டினால் கெட்டுப்போனால் அடுத்த அப்டேட் அதைச் சரிசெய்யும். அதுவும் சரிசெய்யாவிட்டால் வைஃபை சரியில்லை, பேட்டரி சரியில்லை, கைப்பேசி பழையது, ஆகவே குற்றம் வீட்டுக்காரருடையது. மந்திரம் பலிக்கவில்லை என்றால் உச்சரிப்பில் பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற மந்திரவாதிக்கும் இந்தச் சித்தாந்தத்துக்கும் அணுவளவும் வித்தியாசம் இல்லை.

அந்த மகன், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பூட்டை விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துப் பேசினார். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்றே கால் வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும், ஒன்றரை வோல்ட் ஆல்கலைன் போட வேண்டும் என்றார்கள். வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கலாகாது, 2.4க்கு மாற்ற வேண்டும் என்றார்கள். புளூடூத் அறுபடாதபடி கைப்பேசியைக் கதவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார்கள். மரக்கதவு உப்பித் தாழ்ப்பாள் உராய்கிறதா, அதனால் மோட்டார் திணறி மின்சாரத்தை விழுங்கிவிடுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். கடைசியில், செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவச் சொன்னார்கள். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் இத்தனை உண்மைகளும் சேர்ந்து கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வியை மறைத்துவிட்டன. புதிய ஃபர்ம்வேர் முழுதாக வந்து சேர்ந்து, முத்திரை சரிபார்க்கப்பட்டு, ஓடிப் பார்த்து நிச்சயமாவதற்கு முன்னால், நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பழைய ஃபர்ம்வேரை அழிக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

இதற்குப் பரிகாரம் தெரியாததன்று. பூட்டின் நினைவகத்தை இரண்டு அறைகளாக வகுத்து, ஒன்றில் பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதில் புதியதை எழுதி, புதியது எழுந்து நடக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும்படி அமைப்பது பொறியியலில் நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிற முறை. நினைவகச் சில்லுக்குச் சில காசுகள் கூடும் என்பதற்காக அதைத் தவிர்த்துவிட்டு, அதன் நஷ்டத்தை ஒரு கிழவியின் முழங்காலில் கொண்டுபோய் இறக்குகிறவர்களை முன்னேற்றத்தின் தூதர்கள் என்று நாம் கொண்டாடுகிறோம்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், அமெரிக்காவில் டென்வர் நகரத்து லாக்ஸ்டேட் நிறுவனத்தின் சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும். 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம், ஒரு ரகப் பூட்டுக்கென்று எழுதிய ஃபர்ம்வேரை இன்னொரு ரகத்துக்கு அனுப்பிவிட்டது. வீட்டுக்காரர் எவரும் எதையும் கேட்கவில்லை. எவரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஏறத்தாழ 500 பூட்டுகள் செயலிழந்தன. அவற்றுள் பல, ஏர்பிஎன்பி மூலம் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் விருந்தினருக்குச் சாவிக்குப் பதிலாக எண்களைக் கொடுப்பதற்கென்றே வாங்கிப் பொருத்தியவை. இதைச் சரிசெய்ய இன்னொரு அப்டேட் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் தவறான அப்டேட்டை விழுங்கிய பூட்டு, அடுத்த அப்டேட்டைப் பெற்றுக்கொள்வதற்கான இணையத் தொடர்பையே இழந்துவிட்டது. பூட்டின் பின்பாகத்தைக் கழற்றித் தபாலில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள், அல்லது மாற்றுப் பாகம் வந்துசேர இரண்டு வாரங்களுக்கு மேல் பொறுத்திருங்கள் என்பதே அந்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த பதில். அதுவரை அவர்களைக் காப்பாற்றியது எது? அப்டேட் அன்று, அந்தப் பூட்டின் முகத்தில், யாரும் மதிக்காமல் இருந்த பழைய சாவித் துவாரம்.

அப்டேட்டின் கோளாறை அப்டேட் தீர்க்கும் என்று இனி எவர் சொன்னாலும் லாக்ஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இது எங்கோ கடல் கடந்து, எப்போதோ நடந்தது என்று சொல்கிறவர்கள், இந்த நாட்டில் நம் கண்ணெதிரே நடந்ததை மறந்துவிட்டார்களா? 2023 நவம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில் ஆப்டஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலைப்பின்னல் விழுந்ததற்கு மூலகாரணம் வழக்கமான ஒரு மென்பொருள் மேம்பாடு. சுமார் ஒரு கோடி வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தார்கள். மெல்பர்னில் ரயில்கள் நின்றன. ஆபத்தில் இருந்தவர்களுள் 2,145 பேர் 000 என்ற அவசர உதவி எண்ணை அடைய முடியாமல் தவித்தார்கள். அந்தக் கோளாறைத் தீர்க்க என்ன செய்தார்கள்? தொழில்நுட்பப் பணியாளர்கள் வண்டியேறி, இடம் இடமாகப் போய், கருவிகளைக் கையால் மீட்டெடுத்தார்கள். 2024 ஜூலை 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் கோப்பு உலகெங்கும் 85 லட்சம் கணினிகளை நீலத்திரையில் உறைய வைத்து, சிட்னி விமான நிலையத்திலும் பல்பொருள் அங்காடிகளின் கல்லாக்களிலும் மக்களை வரிசையில் நிறுத்தியபோதும், எண்ணற்ற கணினிகளின் முன்னால் ஒவ்வொரு மனிதராக உட்கார்ந்து அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. லாக்ஸ்டேட்டில் நடந்ததும் அதுவே. தூரத்தில் ஒருவர் ஒரு நொடியில் அனுப்புகிற பிழையை அகற்ற, பொருள் இருக்கிற இடத்தில் ஒரு மனிதருடைய கை வேண்டியிருக்கிறது. அந்தக் கையும் அதன் கூலியும் எப்போதும் நம்முடையவை.

அப்டேட் செய்யாவிட்டால் திருடன் நுழைந்துவிடுவான் என்று அச்சுறுத்துகிறார்கள். வாசற்கதவை உலகம் முழுவதற்கும் இணைத்துக் கொடுத்ததனால் உண்டான ஓட்டையைக் காட்டி, அதை அடைப்பதற்காகவே இணைப்பை விடாமல் வைத்திருங்கள் என்று உபதேசிப்பது என்ன நியாயம்? இணையமே இல்லாத காலத்தில், லண்டனில் பூட்டு செய்த ஜோசப் பிராமா 1790இல், தம் பூட்டைக் கள்ளத்தனமாகத் திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்று அறிவித்து, அதைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்தார். 1851இல் ஆல்ஃபிரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பல நாட்களாகப் பிரித்து 51 மணி நேரம் பாடுபட்ட பிறகே அது திறந்தது. அறுபது ஆண்டுகள் அந்தப் பூட்டைக் காத்தது அதைச் செய்தவருடைய சிரத்தை. நம் திண்டுக்கல்லிலும் மாங்காய்ப் பூட்டையும் மணிப் பூட்டையும் கையாலேயே செய்து, ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராதபடி ராவி முடிக்கிறார்கள்; 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேலை முழுமையடைந்த பிறகே பூட்டு பட்டறையை விட்டு வெளியே வரும் என்பது அந்தக் கைவினைஞரின் தர்மம். இன்றைய கம்பெனியோ, முடியாத வேலையை முழு விலைக்கு விற்றுவிட்டு, மிச்சத்தை உங்கள் வீட்டுக் கதவில் வைத்துச் செய்துபார்க்கிறது. அந்தப் பரீட்சைக்கு அப்டேட் என்று பெயர்.

சட்டத்தையாவது பார்ப்போம். நியூ சவுத் வேல்ஸில் 2010ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ மற்றவருடைய சம்மதமோ தகுந்த காரணமோ இல்லாமல் பூட்டை மாற்றக்கூடாது என்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரருக்கே இல்லாத உரிமை, வேறொரு தேசத்தில் இருக்கும் கம்பெனிக்கு நள்ளிரவில் எப்படி வந்தது? பூட்டின் நடத்தை முழுவதையும் நிர்ணயிப்பது ஃபர்ம்வேர். அதை மாற்றுவது பூட்டை மாற்றுவதேயாகும். 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2026 மார்ச் 4 முதல் நடப்புக்கு வரும்படி இத்தகைய கருவிகளுக்கென்று விதிகள் வகுத்திருக்கிறார்கள். எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டுமாம். நல்லது. ஆனால் அப்டேட் தோற்றாலும் கதவு திறக்க வேண்டும் என்று எழுத அந்த விதியில் ஒரு வரி இடம் இல்லாமற்போயிற்று. பழுதான பூட்டோடு கடைக்குப் போனால், உற்பத்தியாளரிடம் பேசுங்கள் என்று கையை விரிக்கிறார்கள். அது சட்ட விரோதம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, தரமற்ற பொருளுக்கு விற்ற கடையே பொறுப்பு. பெரும் பழுதானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருள் பெறுவதா என்று தீர்மானிப்பவர் வாங்கியவர். அடுக்குமாடி வீடுகளில் கதை இன்னும் மோசம்: வாசற்கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு, அதுவும் பொதுச்சொத்து, அதில் கண்ட பூட்டையெல்லாம் துளைத்து மாட்டினால் கட்டடத்தின் தீப்பாதுகாப்புச் சான்றுக்கே ஊறு நேரும் என்பதைப் பூட்டு விற்கிறவர் எத்தனை பேரிடம் சொல்கிறார்?

எதற்கும் கைப்பேசியையே நம்பியிருக்கும் இந்த வியாதி பூட்டோடு நிற்கவில்லை. உணவகத்தில் உட்கார்ந்தால் பட்டியலைக் கைப்பேசியில்தான் படிக்க வேண்டும். பார்சல் வந்தால் கைப்பேசியில் எண் வர வேண்டும். அரசாங்கத்திடம் ஒரு விவரம் கேட்பதற்கும் கைப்பேசியில் குறியீடு வர வேண்டும். வருகையாளர் விசாவில் வந்து, இந்நாட்டு எண்ணும் இல்லாமல், ஆங்கிலச் செயலியும் புரியாமல், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியே இருக்கிற நம் பெற்றோரைப் பற்றி இவற்றை அமைத்தவர்கள் எவரும் ஒரு கணம் சிந்திக்கவில்லை. சொந்த ஊரில் ஒரு வீட்டையே ஆண்டவர்கள், இங்கே ஒரு கதவைத் திறக்க மகனுடைய கைப்பேசியை எதிர்பார்த்து நிற்கிறார்கள். இந்த அவமானத்தைச் சௌகரியம் என்று அழைக்க நம் நாக்கு கூசுவதில்லை.

ஆகவே, வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் கடையில் சில கேள்விகளைக் கேளுங்கள். சாவித் துவாரம் இருக்கிறதா? பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியை வைத்துத் திறக்க முடியுமா? இணையம் அற்றுப்போனாலும் எண்பலகை வேலை செய்யுமா? தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைக்க எனக்கு அதிகாரம் உண்டா? அப்டேட் தோற்றால் பூட்டு பழைய நிலைக்கே திரும்புமா? நடு இரவில் பூட்டுத் திறப்பவரை அழைக்க நேர்ந்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் பூட்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அப்டேட் செய்வதற்கு முன்னால் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் கேட்காத பூட்டுள்ள இன்னொரு வாசலையும் வீட்டில் வைத்திருங்கள். அதன் சாவியை, வீட்டில் எல்லோருக்கும் மூத்தவருடைய கையில் கொடுங்கள்.