லயத்துக்கு வராத லைன்

குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றின் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் சென்ற மாதம் நமது காரியாலயத்துக்கு வந்தார். கையில் புத்தம் புதிய கைப்பேசி. பழையதில் இணையம் ஊர்கிறதென்று 800 வெள்ளிக்குக் கடனில் வாங்கியதாம். புதியதும் லயத்தில் ஊரத்தான் செய்கிறது என்று குறைப்பட்டார். வாங்கிப் பார்த்தோம், நம் வாசலில் அது பறந்தது! 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஏறக்குறையப் பாதி, குற்றமே செய்யாத ஒரு பழைய கருவிக்குத் தண்டமாகப் போயிற்று.

இணையம் இன்று பொழுதுபோக்குச் சாமானன்று. பெரட்டு அறிவிப்பும் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் அதன் வழியே வருகின்றன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் புகுந்தது. அவ்வாண்டு ஜூனில் சபா மாணவி ஒருவர் லைன் தேடி மரத்தில் ஏறியதை நாடே கண்டது.

ஆகவே தோழர்களே, கடைக்கு ஓடுமுன் கோளாறு எங்கே என்று பாருங்கள். வைஃபை மந்தமென்றால் மோடத்தின் அருகே சென்று சோதியுங்கள். அங்கே வேகமும் அடுப்படியில் மந்தமுமானால் தடை சுவரில் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் தளரும், 2.4 அலை மெதுவானாலும் தூரம் போகும். மோடத்தைத் தகர அலமாரிக்குள் பூட்டிவைப்போரும் நம்மில் உண்டு! அருகிலும் மந்தமென்றால், எத்தனை பேர் பங்கு என்று எண்ணுங்கள். பெரட்டுக் களத்தில் ஒரே மோடத்தை மாட்டிவிட்டு, நம்மவரும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் சனி இரவில் ஒருசேர ஊருக்குப் பேசினால், ஒற்றைக் குழாயடியில் ஐம்பது குடம் வைத்த கதைதான்.

சிம் வழியாக வரும் இணையமானால், வாங்கிய டேட்டா தீர்ந்ததா என்று முதலில் பாருங்கள். தீர்ந்தபின் வேகத்தைக் குறைக்கும் திட்டங்கள் பல. உங்கள் சிம்மை அண்டைவீட்டார் கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். அதிலும் ஊர்ந்து, பட்டணத்தில் மட்டும் ஓடினால் கருவியைப் பழிக்காதீர்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: 3ஜி சேவை 2021 இறுதியில் மூடப்பட்டது. 4ஜி இல்லாத கருவியை மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சியது கோபுரம். கோபுரம் தொலைவிலிருக்க, இடையே மேடும் தகரக் கூரையும் மரங்களும் நிற்கின்றன. ஈர இலை அலையை உறிஞ்சும். பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலையுதிர்க்கும்போது லைன் சற்றே தெளிந்தால் வியப்பில்லை. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் அந்த ஆறுதலும் இல்லை.

இங்கேதான் தொழிலாளியின் கை ஓய்கிறது, நிர்வாகத்தின் கடமை தொடங்குகிறது. தோட்ட நிலத்தில் நிலக்காரர் இசையாமல் கோபுரம் எழாது. இணையக் குறை தீர்க்க 2020இல் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. ஆனால் வாயிற்கதவைத் திறக்க வேண்டியது தோட்டம். லயங்களுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தரவேண்டுமென்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அவற்றோடு இணையத்தையும் சேர்த்தெண்ணும் காலம் வந்துவிட்டது என்பதே நம் கட்சி. இது சலுகை கேட்பதாகாது.

தனியொருவர் முறையிட்டால் ‘உங்கள் கைப்பேசியைச் சோதியுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். எனவே கிளைச் செயலாளர்கள் ஒரு வாரம், காலை, மதியம், இரவு மூன்று வேளையும், எந்த லயத்தில், எந்த நிறுவனத்தின் லைன், என்ன வேகம் என்று குறித்தெடுக்க வேண்டுகிறோம். முதலில் அந்நிறுவனத்திடம் புகார் கொடுத்துப் புகார் எண் பெறுங்கள். தீராவிடில் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குச் செல்வோம். குறிப்பின் பிரதியொன்று தோட்ட நிர்வாகத்துக்கும் போகும். கடன்பட்ட தோழரின் லயத்தில் வரும் திங்கட்கிழமை இவ்வேலை தொடங்குகிறது.