பிஎச்.டி.யில் பாதி பெண்கள்... ஆனா கடைமடை வரை வர்றாங்களா?

மேட்டூர் அணையில் எத்தனை கனஅடி திறந்தாங்க என்பது தலைப்புச் செய்தி. பூம்புகார் விவசாயி கேட்பது வேற: கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?

ஆராய்ச்சிப் படிப்பிலும் இதைத்தான் கேட்கணும். மத்திய அரசின் உயர்கல்வி கணக்கெடுப்புப்படி, 2014-15-ல் சுமார் 48 ஆயிரமாக இருந்த பிஎச்.டி. மாணவிகள், 2021-22-ல் சுமார் 99 ஆயிரம். மொத்தம் 2.12 லட்சம் பேரில் கிட்டத்தட்ட பாதி. சூப்பர்தான். ஆனா இது படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க கணக்கு மட்டும்தான்.

முடிச்சவங்க எத்தனை பேர், எத்தனை வருஷத்துல? கைடு, பேராசிரியர், துறைத்தலைவர் ஆனவங்க எத்தனை பேர்? ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு தர யுஜிசி விதி இருக்கு. அதை எடுத்துட்டு ஆய்வுக்குத் திரும்பியவங்க எத்தனை பேர்?

பிரிட்டனில் 2005-ல் தொடங்கிய 'அதீனா ஸ்வான்' திட்டம் பல்கலைக்கழகங்களிடம் இப்படித்தான் படிப்படியாகக் கணக்கு கேட்குது. அதே பாணியில் இந்தியா 2020-ல் 'கதி' திட்டத்தை அறிவிச்சது. முன்னோட்டத்துக்குத் தேர்வானவை வெறும் 30 நிறுவனங்கள்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டாம். சேர்ந்த தேதி, வைவா தேதி, பதவி உயர்வு எல்லாமே அவங்க அலுவலகக் கோப்புகளில்தான் இருக்கு. ஆண், பெண் எனப் பிரிச்சு, வருஷா வருஷம் வெப்சைட்டில் போடட்டும். எந்தப் படியில் பெண்கள் குறையுறாங்கன்னு தெரிஞ்சாதானே சரிசெய்ய முடியும்?